இல்லம் மூடப்பட்டது, ஆள் எப்படி இருக்கிறார்?

"முகாம் மூடப்பட்டது" என்ற செய்தியை எமது வாசகர்களில் பலர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் கேட்டிருப்பீர்கள். 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2009 இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரை அடைத்து வைத்திருந்த முகாம் அது. கடைசியாக அங்கிருந்து புறப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் தம் சொந்தக் காணிக்குப் போகவில்லை. காணி படையினர் வசம் இருந்தபடியால், சீனியாமோட்டையில் காடு வெட்டிய இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். ஆனால் கணக்கின்படி அன்றுடன் மெனிக் பாமில் இருந்தோர் தொகை பூச்சியம். பூச்சியம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று பொருள்படுத்திக் கொண்டார்கள்.

மலையகத்திலிருந்து 1977 இலும் 1983 இலும் வன்னிக்குச் சென்று, மண்ணைத் திருத்திப் பயிர் செய்து, பின்பு யுத்தத்தில் அதையும் விட்டு ஓடிய குடும்பங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் வீடு வாசலை விட்டவர்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையிலும் மண்சரிவிலும் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து பாடசாலைக் கட்டடங்களில் தங்கியவர்களுக்கும் இது தெரிந்ததே. ஓர் இடம் மூடப்பட்டது என்பது ஒரு செய்தி. அங்கிருந்து போன மனிதர் இப்போது எப்படி வாழ்கிறார் என்பது வேறொரு செய்தி. முதலாவதைச் சொல்ல ஆள் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது முகாம்களைப் பற்றியதல்ல. உடலிலோ மூளை வளர்ச்சியிலோ மனதிலோ குறைபாடு உள்ளவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் கேள்வி ஒன்றே என்பதால், அக்கேள்வியை நன்கு அறிந்த உங்களிடமே பேச வருகிறோம்.

ஒரு தாயின் பதில்

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். சிறுவயது முதல் வலிப்பு. பேச்சும் விளக்கமும் குறைவு. ஆறு வயதில் கரையோரப் பகுதியிலுள்ள இல்லமொன்றில் சேர்க்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகளின் பின் அந்த இல்லம் பணநெருக்கடியால் மூடப்பட்டது. ஒரு பை உடுப்பும் ஒரு மாத மருந்தும் கொடுத்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இல்லத்தின் இறுதி அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே "குடும்பத்துடன் இணைக்கப்பட்டார்" என்று எழுதப்பட்டிருந்தது.

எட்டு மாதங்களின் பின் நாம் அந்த லயத்துக்குப் போனோம். மருந்து இரண்டாம் மாதமே முடிந்துபோயிருந்தது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் அதே மருந்தை இலவசமாகப் பெறலாம் என்று தாய்க்கு எவரும் சொல்லவில்லை. லயத்து வாசலிலிருந்து பாதைக்கு இறங்கும் கற்படிகள் செங்குத்தானவை. ஆகவே அவர் வாசலைத் தாண்டியதேயில்லை. இல்லத்தில் சிங்களம் கேட்டு வளர்ந்தவர் என்பதால் வீட்டார் பேசும் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கியது. வலிப்பு வரும் நாட்களில் தாய் மலைக்குப் போவதில்லை. சில நாட்களில் பாதியில் திரும்பி வருவார், அன்று அரைப் பேர்தான் விழும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, இல்லமே மேல் என்று முடிவு கட்ட எமக்கு மனம் வந்தது உண்மை. ஆனால் அக்காவின் கைக்குழந்தை தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறியபோது அவர் சிரித்த சிரிப்பையும் நாம் பார்த்தோம். அவர் உடம்பு தேறியிருந்தது. இரவில் தம்பியின் பக்கத்திலே படுக்கிறார் என்றும், முன்போல் பயந்து எழும்புவதில்லை என்றும் சொன்னார்கள். "அங்க நல்லா இருந்தாரா, இங்க நல்லா இருக்காரா?" என்று எம்முடன் வந்த அருட்சகோதரி கேட்டார்.

"அங்க மருந்து தவறாம குடுத்தாங்க சிஸ்டர். இங்க எங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கான். எது நல்லதுன்னு என்னையக் கேட்டா எப்படிங்க சொல்றது? அவன்கிட்ட இதுவரைக்கும் யாரு கேட்டாங்க?"

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவதெல்லாம் அந்தத் தாயின் கடைசி வார்த்தைக்குள் அடங்கியிருக்கிறது.

ஏர்வாடி கற்பித்தது

இல்லங்கள் மூடப்பட வேண்டியவை அல்ல என்று நாம் வாதிடவில்லை. சில மூடப்பட்டேயாக வேண்டும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள தர்காவில் தங்கினால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் எல்லாச் சமயத்தவரும் தம் உறவினரைக் கொண்டுபோய் விடுவது வழக்கம். அவர்களை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லிப் பல தனியார் விடுதிகள் தோன்றின. 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி விடியற்காலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த படியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதத்திலேயே அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், வேறு பலர் வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

சங்கிலி அறுந்தது நல்லதே. இறந்த 28 பேரின் கதை விசாரிக்கப்பட்டது, விடுதி நடத்தியோர் தண்டனை பெற்றனர். ஆனால் உயிரோடு வீடு திரும்பிய மனிதர் ஒவ்வொருவரும் ஓராண்டின் பின், ஐந்தாண்டின் பின் எப்படி இருந்தார் என்பதைப் பெயர் பெயராகச் சொல்லும் ஏடு எங்கே? வீட்டில் சங்கிலி மறுபடி பூட்டப்பட்டதா, மருந்து கிடைத்ததா, ஒரு வேளைச் சோற்றுக்காவது மரியாதை இருந்ததா? அவரைச் சங்கிலியோடு விட்டுப்போன வறுமையும் அறியாமையும் வீட்டில் அப்படியே இருந்தனவே. விடுதியை மூடிய சட்டத்தால் அவற்றை மூட முடியவில்லை.

கேட்டவர்களும் கேளாதவர்களும்

உலகில் வேறு இரண்டு இடங்களில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் கேட்பதன் பயன் விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பென்ஹர்ஸ்ட் என்ற பெரிய நிறுவனம் 1908 முதல் இயங்கியது. மூளை வளர்ச்சி குறைந்தோர் ஆயிரக்கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களை அவ்வாறு வைத்திருப்பது உரிமை மீறல் என்று 1977 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொருவராக ஊருக்குள் சிறு வீடுகளுக்கு மாற்றப்பட்டு, 1987 இல் நிறுவனம் மூடப்பட்டது. அங்கே செய்த ஒரு காரியம் மிக முக்கியமானது. ஜேம்ஸ் கொன்றோய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1,154 பேரின் பெயரை எழுதிக்கொண்டு, ஆண்டுதோறும் ஒவ்வொருவரையும் அவர் இருக்கும் இடத்துக்கே தேடிச் சென்று ஒரே விதமான கேள்விகளைக் கேட்டார்கள். தானே உண்ணவும் உடுக்கவும் முடிகிறதா, வெளியே போகிறாரா, பகலில் என்ன செய்கிறார், உடல்நலம் எப்படி என்று பார்த்தார்கள். ஊருக்குள் வந்தவர்கள் பொதுவில் முன்பிலும் நன்றாக வாழ்கிறார்கள் என்று கண்டார்கள். குடும்பத்தாரையும் கேட்டார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலான குடும்பங்கள் மாற்றத்தை எதிர்த்தன. பிள்ளை வெளியே வந்து சில காலம் சென்றபின் அதே குடும்பங்களிற் பெரும்பாலானவை இதுவே நல்லது என்றன. பயந்த பெற்றோரின் மனதை அவ்வாறு மாற்றியது எந்தப் பிரசங்கமும் அல்ல, தம் பிள்ளையைக் கண்ணாற் கண்டதே.

மற்றது தென்னாபிரிக்காவில் நடந்தது. ஜொஹானஸ்பேர்க் நகரை உள்ளடக்கிய கௌடெங் மாகாண அரசு, லைஃப் எசிடிமேனி என்ற நிறுவனத்தில் இருந்த மனநோயாளருக்கான செலவை 2015 இல் நிறுத்த முடிவு செய்தது. பணம் மிச்சம், நோயாளரும் சமூகத்துக்குத் திரும்புவர் என்று காரணம் சொன்னார்கள். குடும்பத்தார் எதிர்த்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். பலனில்லை. 2016 இல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அவசர அவசரமாகச் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம் உறவினர் எங்கே கொண்டுபோகப்பட்டார் என்பதைக்கூடப் பல குடும்பங்கள் அறியவில்லை. அந்த நிறுவனங்கள் செல்லுபடியான அனுமதியின்றி இயங்கியவை என்பதைச் சுகாதாரக் குறைகேள் அதிகாரியின் 2017 அறிக்கை வெளிப்படுத்தியது. பட்டினியாலும் நீரின்றியும் கவனிப்பின்றியும் இறந்தவர்கள் உட்பட 144 பேரின் உயிர் போயிற்று.

"சமூகத்துக்குத் திரும்புதல்" என்று இரண்டு நாட்டிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒரு நாட்டில் ஒவ்வொருவராக மாற்றினார்கள், மாற்றியபின் வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். மற்ற நாட்டில் கூட்டமாக ஏற்றி அனுப்பினார்கள், சவங்கள் விழும்வரை கேட்கவில்லை.

எமது மலைகளில்

தோட்டங்களில் இத்தகைய பெரிய நிறுவனம் இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். இல்லைதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் தொலைவிலுள்ள இல்லங்களுக்குப் போகிறார்கள். "அங்கொடைக்கு அனுப்பிவிடுவேன்" என்று பிள்ளையை மிரட்டும் பேச்சு எம் லயங்களில் இன்றும் உண்டு. பழைய அங்கொடை மனநோய் வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாக மாறிவிட்டது. நோயாளரைக் கொழும்பில் குவிக்காமல் அந்தந்த மாவட்டத்திலேயே பராமரிக்க வேண்டும் என்பது 2005 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய மனநலக் கொள்கையின் நோக்கம். மாற்றுத் திறனாளிகள் மற்றவர்களைப் போல் சமூகத்தில் வாழும் உரிமையை உறுதிசெய்யும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே காற்று வீடு நோக்கியே வீசுகிறது. அது நல்ல காற்று என்றே நாமும் நம்புகிறோம்.

ஆனால் அந்த வீடு எது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் ஒரு சிறு குசினியும் அல்லவா? பொதுக் கழிவறைக்கு இருபது படி இறங்க வேண்டிய லயமல்லவா? மண்சரிவு அபாயம் என்று சிவப்பு அடையாளமிட்ட வரிசை வீடும் அதுவாகவே இருக்கலாம். பகலில் வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார்கள். அப்படியானால் இல்லத்தின் இரும்புக் கதவுக்குப் பதிலாகக் காம்பராவின் பலகைக் கதவுதான் மிச்சம். 2012 குடிசன மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 லட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதோ ஒரு குறைபாட்டுடன் வாழ்வதாகக் கூறியது. தலையை எண்ணுவது தேவையானதே. ஆனால் எண்ணப்பட்ட தலை கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அந்தத் தொகை சொல்லாது.

என்ன கேட்பது?

படிவம் நிரப்பி நிரப்பி அலுத்தவர்கள் நீங்கள். நிவாரணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, காணிக்கு ஒன்று என்று எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு காணோம். எனவே இன்னுமொரு படிவத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. ஒரு கொப்பி போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, முடிந்தவரை அதே இருவர், அதே கேள்விகளுடன் போக வேண்டும். அப்போதுதான் போன தடவைக்கும் இம்முறைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

நேற்று என்ன சாப்பிட்டார், யாருடன் சாப்பிட்டார்? எங்கே படுக்கிறார்? இந்தக் கிழமையில் எத்தனை நாள் வாசலைத் தாண்டினார்? வீட்டார் அல்லாத ஒருவர் கடைசியாக எப்போது அவரைப் பார்க்க வந்தார்? மருந்து தவறாமல் கிடைக்கிறதா? அடையாள அட்டை இருக்கிறதா? அஸ்வெசும மூலம் வரும் அங்கவீனர் கொடுப்பனவு யார் கைக்குப் போகிறது, அதில் அவருக்கென்று எதுவும் வாங்கப்படுகிறதா? திருவிழாவுக்கோ தேர்த் திருநாளுக்கோ அவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்களா? யாராவது அடிக்கிறார்களா, கட்டிப்போடுகிறார்களா? எல்லாவற்றுக்கும் முடிவில், "உங்களுக்கு இங்கே இருக்க விருப்பமா?" என்று அவரையே கேட்க வேண்டும். பேச முடியாதவராயின் அவரை நன்கு அறிந்த இருவரைத் தனித்தனியே கேட்கலாம், அவர் முகத்தையும் பார்க்கலாம். முகமும் ஒரு பதிலே.

பராமரிக்கும் தாயையும் சகோதரியையும் கேட்காமல் வரக்கூடாது. அவருக்கு எத்தனை பேர் இல்லாமல் போயிற்று, இரவில் தூங்குகிறாரா, தான் இறந்தபின் பிள்ளை என்ன ஆவான் என்ற பயத்தை யாரிடமாவது சொன்னாரா என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஒருவர் நன்றாயிருக்க இன்னொருவர் தேய்ந்து போவதை முன்னேற்றம் என்று எழுத முடியாது.

அந்தக் கொப்பி அந்த வீட்டுக்குச் சொந்தமானது. அதைச் சங்கக் கூட்டத்தில் வாசிப்பதும் நன்கொடையாளருக்குப் படம் பிடித்து அனுப்புவதும் முறையல்ல. சராசரி போடுவதிலும் கவனம் தேவை. பத்துப் பேரில் எட்டுப் பேர் முன்னேறினார்கள் என்று மகிழும்போது மீதி இருவரும் காம்பராவின் இருட்டில் கிடக்கக்கூடும். பெயர் சொல்லிக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

எமக்கும் கேள்வி

கேட்டு என்ன பயன், கொடுக்க எம்மிடம் என்ன இருக்கிறது என்ற நியாயமான கேள்வி எழும். கேட்டுவிட்டுச் சும்மா வருவது கேளாததிலும் கெட்டது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் முன்பு சொன்ன இளைஞரின் விடயத்தில் நடந்ததைப் பாருங்கள். கிளினிக் நாளை அறிந்து சொன்னோம், மருந்து மீண்டும் கிடைத்தது. தோட்டத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து கற்படிக்குக் கைபிடி போட்டார்கள். இன்று அவர் பீலிக்கரை வரை இறங்கி வருகிறார். இதற்குச் செலவான பணம் மிகச் சொற்பம். தாயின் அரைப் பேர் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்டபடியால்தான் எது எம்மால் ஆகும், எது அதிகாரிகள் செய்ய வேண்டியது என்று பிரித்தறிய முடிந்தது.

திருச்சபையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமும் இல்லங்கள் நடத்துகிறோம். எத்தனை பிள்ளைகளை ஏற்றோம், எத்தனை கட்டில் போட்டோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். எம்மிடமிருந்து வீடு திரும்பியவர்கள் எத்தனை பேரின் வாசலை நாம் மறுபடி மிதித்தோம்? ஓர் இல்லத்தை மூடுவதற்கு வரவு செலவுத் திட்டம் போடும்போது, அதன் பின்வரும் ஐந்தாண்டுகளுக்கு வீடு தேடிப் போவதற்கான பஸ் காசும் அதில் இருக்க வேண்டும். இல்லையேல் அந்தத் திட்டம் முழுமையானதல்ல.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பல தடவை சங்கிலியால் கட்டப்பட்டும் அதை முறித்துக்கொண்டு கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த மனிதர் ஒருவர் வருகிறார். குணமடைந்ததும் இயேசுவோடு போகவே அவர் விரும்புகிறார். இயேசுவோ அவரை வீட்டாரிடம் அனுப்புகிறார். முன்பு அவரைச் சங்கிலியிட்ட அதே ஊருக்குத்தான் அவர் திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஊர் அவருக்குப் படுக்க இடம் கொடுத்ததா, வேலை கொடுத்ததா, கல்யாணத்துக்கு அழைத்ததா என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. அந்த மிச்சக் கதையை எழுதும் பொறுப்பு ஊரார் கையில் விடப்பட்டிருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

அன்பான வாசகர்களே, இடம் விட்டு இடம் தூக்கி வைக்கப்பட்டு, அதன்பின் யாரும் வந்து கேளாத வேதனையை உங்களைவிட அறிந்தவர் இல்லை. ஆகவே இந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவரும் இல்லை. உங்கள் லயத்தில், உங்கள் குடியேற்றத்தில் இல்லத்திலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ திரும்பிய ஒருவர் இருப்பார். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் கிழமையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் மறுபடியும் போய்க் கேளுங்கள்.